வெளியே போன பந்துக்கும் கைதட்டியவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் நம் கழகத் தலைவர் செல்வகுமார் அவர்களே, போன ஞாயிற்றுக்கிழமை நம்மைத் தோற்கடித்துவிட்டு இன்றைக்குத் துக்கத்துக்கும் மறக்காமல் வந்திருக்கும் பட்டாபிராம் அணியின் செயலாளர் சுலைமான் அவர்களே, மறைந்த அமீருதீன் பாயின் மகள் ரூஹி அவர்களே, கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் பூந்தமல்லி வியாபாரிகளே, பூவை நண்பர்கள் கால்பந்துக் கழகத்தின் ஆட்டக்காரர்களே, லைன் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தியே பழக்கப்பட்ட ரசிகப் பெருமக்களே, எல்லோருக்கும் பரந்தாமனின் வணக்கம்.

செயலாளர் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். இந்தக் கழகத்துக்கு நான் எத்தனை வருஷமாகச் செயலாளர் என்று எனக்கே மறந்துவிட்டது. வேறு யாரும் வரவில்லை, அதனால் இருக்கிறேன். இந்த ஒரு வாரமாக எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. அதனால் பேச்சு முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு நமக்கு ஆட்டம். திருநின்றவூரோடு. தோற்றால் கீழ் டிவிஷன், அது உங்களுக்கே தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நம் ஃபார்வர்டு ஹேமநாதன் நாளைக்கு ஆடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். நாளைக்கு மட்டுமில்லை, இனிமேலே ஆடமாட்டானாம். ஏன்? போன ஞாயிறு அவன் பெனால்டியைத் தவறவிட்டான். செவ்வாய்க்கிழமை விடியற்காலை அமீருதீன் பாய் போய்விட்டார். அந்த ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிப் பேசாமல் வெறும் புகழ்மாலை சூட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. ஆனால் முதலில் பாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

யார் இந்த அமீருதீன்? நோட்டீஸில் 'கால்பந்து ஆர்வலர்' என்று போட்டிருக்கிறார்கள். ஆர்வலராம். அவர் ஒரு நாளும் பந்து ஆடியதில்லை. கழகத்தில் அவருக்கு ஒரு பதவியும் கிடையாது. டிரங்க் ரோட்டில் கார் சீட் கவர் தைக்கிற கடை. ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே வியாபாரம், அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் கடையைச் சாத்திவிட்டு இங்கே வந்து நிற்பார். நம் மைதானத்துக் கோல் வலைகள் கிழிந்து தொங்கியபோது சீட் கவர் நூலைக் கொண்டுவந்து அவரே உட்கார்ந்து தைத்தார். அந்தத் தையல் இன்னும் பிரியவே இல்லை. எதிராளி கோல் பக்கத்து வலையைச் சொல்கிறேன். பந்து பட்டால்தானே பிரியும்?

நம் அணியின் தாக்குதல் ஆட்டத்தை எப்படிச் சரிசெய்வது? இந்தக் கேள்விக்கு அவரிடம் வாரம் ஒரு பதில் இருந்தது. "முன்னாடி ஒத்த ஆளு நின்னுகினு அவன் இன்னா பண்ணுவான், பாவம்? ரெண்டு பேரப் போடுங்க" என்றார். போட்டோம். நடுவில் ஆளில்லாமல் வரிசையாகக் கோல் வாங்கினோம். "பந்தத் தூக்கித் தூக்கி அடிக்காதீங்கடா, தரையோட தரையா கொண்டு போங்க" என்றார். நம் தரையைப் பார்த்திருக்கிறீர்கள் இல்லையா? ஒரு மழை பெய்தால் பந்து பாதி வழியில் படுத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு வாரம், ஆள் உயரமாக இருக்கிறானே என்று நம் கோல்கீப்பர் பாபுவை முன்னாடி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். அன்றைக்கு நடந்ததைப் பாபு உட்கார்ந்திருக்கிற சபையில் நான் சொல்லக் கூடாது.

இறந்தவரைப் பற்றிப் பேசும்போது நல்லதை மட்டும் சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அது சரிப்படாது. பாய் திட்டுவார். அவர் திட்டுகிற திட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். "டேய், இன்னாடா உதைக்கிற, கால்ல கஞ்சியா ஓடுது?" என்பார். கோலுக்கு வெளியே பந்து போனால் போதும், அந்தப் பையன் வீட்டில் நேற்று என்ன சாப்பிட்டான் என்பது வரைக்கும் இழுப்பார். அவர் ஆரம்பித்தால் நாம் சும்மா இருந்தோமா? ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டோம். அவருக்கு வாய் பெரிது, நமக்கு எண்ணிக்கை பெரிது. அதையெல்லாம் ரசிகர் பாசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இந்த லீக்கின் முதல் சுற்றில் ஆவடியில் ஓர் ஆட்டம். ரெண்டு பக்கமும் கோல் இல்லை. முடியப் போகிற நேரத்தில் ஹேமநாதன் காலுக்குப் பந்து வருகிறது. ஹேமநாதனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை, கல்யாணமான ஆள், நைட் ஷிஃப்ட் முடித்து அப்படியே பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்து ஆடுகிறவன். அவன் காலில் பந்து. எதிரே கோல்கீப்பர்கூட ஒதுங்கிக் கிடக்கிறான். அடித்தால் கோல். ஹேமநாதன் என்ன செய்தான்? பின்னால் திரும்பி, நம் ஆள் ஒருவனுக்குப் பாஸ் கொடுத்தான். நாம் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டோம். திட்ட ஆரம்பித்தோம். பாய் மட்டும் திட்டவில்லை.

திரும்பி வரும்போது என் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தார். கரையான்சாவடி தாண்டியதும் என் தோளைத் தட்டினார். சொன்னார். "அவன் கோல் போஸ்ட்டப் பாக்கல பரந்தாமா. என்னப் பாத்தான்."

எனக்கு விளங்கவில்லை. "யாரு பாய்?" என்றேன்.

"ஹேமநாதன்தாம்பா. பந்து கால்ல கீது, எதிர்ல கோலு கீது, அவன் தலயத் தூக்கி லைன் பக்கமா நான் எங்க நின்னுகினுகீறேன்னு பாக்குறான். பாத்துட்டுப் பின்னாடி தள்ளிட்டான். அடிச்சி மிஸ்ஸானா திட்டுவோம். பாஸ் குடுத்தா யாரும் ஒன்னும் சொல்ல மாட்டோம். அவன் இன்னா கேனையா, அடிக்கறதுக்கு?"

இதுதான் பெரியோர்களே, நம் அணியின் தாக்குதல் ஆட்டத்தைப் பற்றி அமீருதீன் பாய் கடைசியாகச் சொன்ன கருத்து. ரெண்டு ஃபார்வர்டும் வேண்டாம், கோல்கீப்பரை முன்னாடி நிறுத்தவும் வேண்டாம். முதலில் நம் வாயை மாற்ற வேண்டும் என்றார். அடுத்த ஞாயிறு லைன் ஓரமாக ஒவ்வொருவரிடமும் போனார். "இனிமே எவன் கோல் பக்கமா அடிச்சாலும் கைதட்டணும். உள்ள போனாலும் தட்டு, வெளிய போனாலும் தட்டு." நாம் என்ன செய்தோம்? சிரித்தோம். நம் தலைவர் செல்வகுமார்கூடக் கேட்டார், "பாய், பந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போவுது, அதுக்கா கைதட்டச் சொல்றீங்க?" என்று. "போவட்டும் நைனா. நூறு வெளிய போனாத்தான் ஒன்னு உள்ள போவும்" என்றார்.

தனியாகத் தட்டினார். ஒரு மனிதர் தனியாகக் கைதட்டுவதைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்கிற நமக்குக் கூச்சமாக இருக்கும். அவருக்கு இல்லை. கோலுக்குப் பின்னால் இருக்கிற சுவரைத் தாண்டி லாரி ஷெட்டுக்குள் பந்து போனால், தட்டி முடித்துவிட்டு அவரே சுற்றிக்கொண்டு போய் எடுத்து வருவார். யாரையும் போகவிட மாட்டார். "பந்து எடுக்க நான் கீறேன், அடிக்கிறது ஒன்னுதான் உன் வேல" என்பார். ஷெட்டில் ஒரு நாய் இருக்கிறது. பூந்தமல்லியில் எல்லோரையும் பார்த்துக் குரைக்கும், அவரைப் பார்த்தால் வாலாட்டும்.

அதனால் அதிசயம் ஏதாவது நடந்ததா? இல்லை. தோற்றோம். அப்புறமும் தோற்றோம். முன்பெல்லாம் பந்து கோல் பக்கமே போகாமல் தோற்றோம், இப்போது பக்கத்தில் போய்த் தோற்றோம். மொத்தம் ரெண்டு கோல் போட்டோம். அதில் ஒன்று எதிராளி காலில் பட்டு உள்ளே போனது. நான் அலுத்துப்போய், "பாய், போதும் விடுங்க, உங்க கைதான் வீங்கப் போவுது" என்றேன். அவர் விடவில்லை. விடாமல் இருப்பதற்கு அவருக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ. எனக்கு அது வாய்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பட்டாபிராம் ஒரு கோல் முன்னால் இருக்கிறது. கடைசி நிமிஷத்தில் நமக்குப் பெனால்டி. யார் அடிப்பது? நம் பையன்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள். ஹேமநாதன் நடந்து போய் பந்தைக் கையில் எடுத்தான். யாரும் சொல்லாமல், அவனாக. வைத்தான். அடித்தான். பந்து கோல் பாருக்கு மேலே, சுவருக்கும் மேலே, லாரி ஷெட்டுக்குள் போனது. விசில். தோல்வி. அவன் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, சைடு கேட் வழியாகப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தது நான் ஒருத்தன்தான். அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள்.

பாய் கைதட்டினார். நீங்கள் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினீர்கள், அவர் தட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகச் சுற்றிக்கொண்டு போனார், நானும் கூடப் போனேன். வழியில் ஒரு டீ குடித்தார். பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "நல்லா அடிச்சான்டா. லீக் ஆரம்பத்துல இந்தப் பெனால்டிய அவன் எடுத்துருப்பானா? எவன் தலையிலயாவது கட்டிட்டுப் பின்னாடி போய் நின்னுருப்பான். இன்னிக்கு நம்ம டீமுக்கு ஃபார்வர்டு கிடைச்சாச்சு பரந்தாமா." சிரித்தார். தோற்ற நாளில் அந்த மனிதர் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

ஆனால் டீக்கடையில் நீங்கள் என்ன பேசினீர்கள்? வாட்ஸாப்பில் என்ன போட்டீர்கள்? 'அவன் மிஸ் பண்ணான், பாய் நெஞ்சு தாங்கல' என்று. எழுதியது யாரென்று எனக்குத் தெரியும், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒரு மனிதர் கடைசியாகச் செய்த நல்ல காரியத்தை எடுத்து இன்னொரு மனிதன் தலையில் கொலைப்பழியாகப் போட்டீர்களே, இது அடுக்குமா? பாய்க்கு நெஞ்சில் கோளாறு என்று போன வருஷமே டாக்டர் சொல்லியாகிவிட்டது. வீட்டுக்கு மட்டும் தெரியும். ரூஹி அனுமதி கொடுத்ததால் இங்கே சொல்கிறேன்.

பாயின் மனைவி ஜரினா அண்ணி இத்தாவில் இருக்கிறார்கள், கணவர் போன துக்கக் காலம் முடிகிற வரைக்கும் வெளியே வரக் கூடாது. மகளிடம் ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னபடியே சொல்கிறேன். "அன்னிக்கு ராத்திரி ஊட்டுக்கு வந்தவரு தோத்ததப் பத்திப் பேசவே இல்ல. அந்தப் புள்ள தானா போய்ப் பந்த எடுத்துச்சின்னு அதையேதான் சொல்லிக்கினு இருந்தாரு. சோறு நல்லா சாப்பிட்டாரு. அந்தப் புள்ளய ஊட்டுப் பக்கம் வரச் சொல்லுங்க. அது வராம இருக்கறதுதான் எனக்குக் கஷ்டமா கீது."

ஹேமநாதா, கேட்டுக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ நிற்பது எனக்குத் தெரிகிறது. போயிடாதப்பா. கொஞ்சம் இரு.

சபையோர்களே, இரங்கல் கூட்டம் என்றால் கடைசியில் உறுதிமொழி எடுக்க வேண்டும். அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று சொல்ல வேண்டும். அவர் விட்டுச்சென்ற பணி என்ன? கோப்பையா, கட்டடமா? ரெண்டே ரெண்டுதான். கைதட்டுவது, பந்து பொறுக்கி வருவது. கைதட்டுவதை நாளைக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மனசில்லாவிட்டாலும் தட்டுங்கள். தோற்றாலும் தட்டுங்கள், அனேகமாகத் தோற்போம். பந்து எடுக்கிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஹேமநாதா, ஷெட்டிலிருந்து வரும்போது பாய் இன்னொன்றும் சொன்னார். உன்னிடம் சொல்லச் சொன்னார், அதற்குள் இதெல்லாம் ஆகிவிட்டது. "அடுத்த வாட்டி கொஞ்சம் கீழ அடிக்கச் சொல்லு" என்றார். அடுத்த வாட்டி என்றுதான் சொன்னார்.

நாளைக்கு வா. கொஞ்சம் கீழ அடி. மேலதான் போச்சுன்னா போவட்டும், நான் போய் எடுத்தாரேன். எனக்கு முட்டிவலி, அந்த நாய்க்கும் என்னைத் தெரியாது. வர லேட்டாகும். நான் வர்ற வரைக்கும் எல்லாரும் கைதட்டிக்கினு இருங்க.