வெளியே கட்டிய கோழி

"இன்னிக்கி அந்தக் கோழியையும் உள்ள வுடணும் அத்த."

விளக்கு வைக்கும் நேரம். கிளியனூரில் தார் ரோட்டை விட்டு உள்ளே பிரியும் மண்பாதை. அதில் கடைசி வீடு. அதற்கப்புறம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையும் பனைமரங்களும்தான். இருட்டிவிட்டால் அந்தப் பக்கம் ஒரு வண்டி வெளிச்சம்கூடத் திரும்பாது. அந்த வீட்டுத் தோட்டத்தில் நின்றுகொண்டு சங்கவி இதைக் கேட்டாள். கல்யாணமான வாரத்திலேயே புருஷன் செல்வகுமார் சொல்லி வைத்திருந்தான். எங்கம்மாகிட்ட எத வேணும்னாலும் கேளு, இத மட்டும் கேக்காத என்று.

கேட்டுவிட்டாள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலையும் சாத்திவிடுங்கள். இது யாருக்கோ நடந்ததில்லை. போன வருஷம் வரை இதே ஹாஸ்டலில் நம்மோடு இருந்தாளே அஸ்வினி, அவளோடு காலேஜில் ஒன்றாகப் படித்த சங்கவிக்கு நடந்தது. அஸ்வினி இதை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், பட்டப்பகலில், சுற்றி அத்தனை கூட்டம் இருக்கும்போதுதான் சொன்னாள். ராத்திரியில் சொல்லவே மாட்டேன் என்றாள்.

சங்கவிக்கு ஊர் வளவனூர் பக்கம். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். அந்தக் குடும்பத்தில் காலேஜ் படி மிதித்த முதல் ஆள் அவள். விலங்கியல் படித்தாள். பெண் பார்க்க வந்த இடத்திலேயே, பொண்ணுக்கு வாய் நீளமோ என்று யாரோ கேட்டார்கள். வாய் நீளமில்ல, உங்களுக்குத்தான் காது சின்னது என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்டுச் சிரித்தவன் செல்வகுமார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவள் கழுத்தை நீட்டினாள்.

மாமியார் வெள்ளையம்மாள் அதிகம் பேசமாட்டாள். சாயங்காலமானால் தோட்டத்தில் நின்று "பா... பா... பா..." என்று குரல் கொடுப்பாள். கோழிகள் எங்கிருந்தாலும் ஓடிவரும். நொய் இறைத்து, எல்லாவற்றையும் கூட்டில் அடைத்து, பலகையை இறக்கிக் கல்லை முட்டுக் கொடுப்பாள்.

ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றை முருங்கை மரத்தடியில் ஒரு முளைக்குச்சியில் கட்டுவாள். யார் வீட்டுக் கோழி என்று தெரிவதற்குக் காலில் துணி கட்டுவது அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் இந்த வீட்டில் வெளியே இருக்கும் கோழிக்கு மட்டும்தான் துணி. அதுவும் மருமகள் சேலையில் கிழித்த துணி. ஒரு சுருக்கு முடிச்சு. சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். வேறெப்படி இழுத்தாலும் இறுகும்.

சில காலைகளில் அந்தக் கோழி இருக்கும். சில காலைகளில் இருக்காது.

காட்டுப்பூனை என்றாள் வெள்ளையம்மாள். மத்ததெல்லாம் பொழைக்கணும்னா ஒண்ணு வெளிய இருக்கணும், எங்க மாமியார் காலத்துலருந்து அப்படித்தான் என்றாள்.

சங்கவி படித்தவள். காட்டுப்பூனை தூக்கினால் வேலி வரைக்கும் இறகு கிடக்கும். கீரி கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். நாய் புகுந்தால் தோட்டமே ரத்தம். இங்கே ஒன்றும் இல்லை. ஒரு இறகு இல்லை. குச்சியடியில் அந்தத் துணி மட்டும் கிடக்கும். அறுந்ததில்லை... கடித்ததில்லை... அவிழ்த்தது. அவிழ்த்து, நீவி, நாலாக மடித்து வைத்தது.

எந்த மிருகம் துணியை மடிக்கும்?

அதனால் அவள் மனுஷர்களைச் சந்தேகப்பட்டாள். மாமியாரை. புருஷனை. பக்கத்துக் கொல்லைக்காரனைக்கூட. சந்தேகம் வந்த பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. செல்வகுமார் திண்டிவனம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் போகும் நாட்களில், கோழிக்குக் காவல் என்று சொல்லி அவளைப் பின் அறையில் படுக்க வைத்தார்கள். அந்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்று தோட்டத்துக்கு. ஒன்று வீட்டுக்குள். வீட்டுப் பக்கத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் அறைக்குள் இல்லை. அந்தப் பக்கம் இருந்தது. கேட்டதற்கு, முன்னே மல்லாட்டை மூட்டை அடுக்கிய அறை, மூட்டையா உள்ளிருந்து தாழ் போடும் என்று சிரித்தான் செல்வகுமார். இந்த முறை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. அந்த வீட்டில் அவளுக்கு முன்னால் ஒரு மருமகள் இருந்தாள். செல்வகுமாரின் அண்ணன் மனைவி, கலைப்பிரியா. யாரோடோ ஓடிப்போய்விட்டாள் என்றார்கள். எப்போது என்று சங்கவி கேட்டாள். ஊரில் கோழிச் சீக்கு வந்து எல்லார் வீட்டுக் கோழியும் செத்த வருஷம் என்றார்கள். அண்ணன் துபாய்க்குப் போனவன், போனில்கூட யாரிடமும் பேசுவதில்லை.

சங்கவி ஒரு ராத்திரி போனை வீடியோவில் வைத்து ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் படுத்தாள்.

காலையில் பார்த்தாள். முக்கால்வாசி இருட்டு. மரத்தடியில் கோழி தலையைச் செருகிக்கொண்டு தூங்குகிறது. பிறகு தலையைத் தூக்குகிறது. பயந்து அல்ல... தெரிந்தவர் யாரோ வந்தால் பார்க்குமே, அப்படி. அப்புறம் ஒரு குரல். மெதுவாக. பா... பா... பா... கோழி எழுந்து இருட்டுக்குள் நடக்கிறது. குச்சியில் துணி இல்லை. அவ்வளவுதான்.

வெள்ளையம்மாளின் குரல் இல்லை அது. சின்ன வயசுப் பெண்ணின் குரல்.

அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தான் செல்வகுமார். அவனிடம் ஒன்றும் சொல்லாமல் அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டினாள். கையில் டீ கிளாஸ். அந்தக் குரலைக் கேட்டான். "அண்ணி..." என்றான். வாயிலிருந்து தானாக விழுந்த சொல். உடனே, போன்ல என்ன கண்றாவிய எடுத்து வெச்சிக்கினு இருக்கிற, அழிச்சிடு என்று கத்தினான். அழித்தும் விட்டான்.

இதற்கப்புறம்தான் அந்தச் சாயங்காலம். வெள்ளையம்மாள் மரத்தடியில் கட்டியது வேறெதையும் இல்லை. வளவனூரிலிருந்து சங்கவி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்த சாம்பல் நிறக் கோழியை. அதன் காலில் அவளுடைய முகூர்த்தப் புடவையின் கரை. பெட்டியைத் திறந்து கிழித்திருக்கிறார்கள்.

வேண்டுமென்று செய்ததா, தெரியாமல் செய்ததா... அவள் யோசிக்கவில்லை. கேட்டாள்.

சண்டை வரும் என்று எதிர்பார்த்தாள். வெள்ளையம்மாள் அவளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். சந்தையில் கோழியைப் பார்ப்பதுபோல.

"உன் இஷ்டம்டி. அப்புறம் என்ன கேக்காத."

சங்கவி முடிச்சின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அவிழ்ந்தது. கோழியைக் கூட்டில் விட்டாள். பலகையை இறக்கினாள். கம்பி வலையைச் சுற்றிப் பூட்டும் போட்டாள்.

அன்று ராத்திரி பின் அறையில் அவள் தூங்கவில்லை. தவளைச் சத்தம் நின்றது. நின்ற பிறகுதான், இவ்வளவு நேரம் தவளை கத்திக்கொண்டிருந்தது என்றே தெரிந்தது. அப்புறம் ஒரு வாடை. கோழி உரிக்கும்போது வெந்நீரில் முக்கி எடுப்பார்களே... அந்த ஈர இறகு வாடை. ஜன்னல் வழியாக வந்தது. மரத்தடியில் யாரோ எதையோ தேடுவதுபோலச் சருகு மிதிபட்டது. பா... பா... பா... பதில் இல்லை. மறுபடி. பா... பா... கம்பி வலையில் நகம். ட்ர்ர்ர்ர்ர்... இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். மெதுவாக. கூட்டுக்குள் ஒரு கோழிகூடச் சத்தம் போடவில்லை.

விடிந்ததும் போய்த் திறந்தாள். பூட்டு பூட்டியபடி. வலை அப்படியே. உள்ளே எல்லாக் கோழியும் உட்கார்ந்த வாக்கில், கண் திறந்தபடி செத்திருந்தன. சாம்பல் கோழியும்தான். ஒன்றின் மேலும் ஒரு கீறல் இல்லை.

வெள்ளையம்மாள் திட்டவில்லை. முருங்கை மரத்துக்குப் பின்னால் குழி வெட்டினாள், புதைத்தாள், கையைக் கழுவினாள். திட்டியிருந்தால் சங்கவி அங்கேயே இருந்திருப்பாளோ என்னவோ. அந்த அமைதியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவள் முடிவு செய்தாள். மத்தியானமே தன் சர்டிபிகேட்டுகளை ஒரு பையில் போட்டுப் பின் அறைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். விடியற்காலை முதல் பஸ்.

செல்வகுமார் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, லீவு என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். வேற கோழி வாங்கிக்கினு வந்துடலாமே என்றாள். இந்நேரத்துக்கு எவன் வீட்டுல குடுப்பான், நாளைக்குப் பாக்கலாம் என்றான்.

"அப்போ இன்னிக்கி வெளிய எத கட்டுவீங்க?"

வெள்ளையம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனாள், செல்வகுமார் வாசலுக்குப் போனான்.

ராத்திரி வெள்ளையம்மாள் அவளை உட்கார வைத்துச் சோறு போட்டாள். அந்த வீட்டுக்கு வந்து அவளுக்கு யாரும் பரிமாறியதில்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பின்னிவிட்டாள். கடைசியில் ஒரு சொம்பு மோர் கொடுத்து, குடிச்சிட்டுப் படும்மா என்றாள். 'டி' போய் 'மா' வந்திருந்தது. சங்கவி மோரை வாங்கி வாயில் வைத்தாள். கசந்தது. தோட்டத்துப் பக்கம் போய்த் துப்பினாள். மிச்சத்தை வாழைக்கு ஊற்றினாள். புருஷன் வீட்டில் இருந்தும் அன்றைக்கும் அவளைப் பின் அறைக்கே அனுப்பினார்கள். போய்ப் படுத்துத் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டாள். தோட்டத்துக் கதவின் உள் தாழ்ப்பாளை யாரோ கழற்றி எடுத்திருந்ததை அவள் படுக்கும் முன்பே பார்த்துவிட்டாள்.

வீட்டுப் பக்கத்துக் கதவு திறந்தது. காலடி. நின்றது.

காலில் ஒரு கை பட்டது.

துணி. கணுக்காலைச் சுற்றி ஒரு சுற்று... இரண்டு சுற்று. முடிச்சு. வெள்ளையம்மாளின் கை இல்லை. கண்ணைத் திறக்காமலேயே அவளுக்குத் தெரிந்தது. ஷிப்டுக்குப் போய்வந்தால் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் வாடை. பெண் பார்க்க வந்தபோது சிரித்தவன்.

காலடி திரும்பிப் போனது. அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது. டக்.

அவள் அழவில்லை. எழுந்து உட்கார்ந்து முடிச்சின் நுனியைத் தேடினாள். சரியான நுனி. ஒரே இழுப்பு. முகூர்த்தப் புடவையின் கரை கையோடு வந்தது.

வெளியே தவளைகள் நின்றன.

சங்கவி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வீட்டுப் பக்கத்துக் கதவின் வளையத்தில் அந்தத் துணியைச் சுற்றி, வெள்ளையம்மாள் போடும் அதே சுருக்கைப் போட்டாள். தோட்டத்துக் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

பா... பா... பா... மரத்தடியிலிருந்து வந்தது. அப்புறம் கூட்டருகிலிருந்து. அப்புறம் வாசற்படியிலிருந்து.

ஈர இறகு வாடை அவள் மூஞ்சிக்கு நேரே நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை அவள். இதை மட்டும் அஸ்வினியிடம் திரும்பத் திரும்பச் சொன்னாளாம், நான் பாக்கல, பாக்கவே இல்ல என்று. குரல் கோபத்தில்தான் வந்தது.

"அக்கா... துணி என் கால்ல இல்ல. உள் கதவுல கட்டியிருக்குது. உனக்கு அவுக்கத் தெரியும்."

கூப்பிடும் சத்தம் நின்றது. குறுகலான வாசலில் எதிரெதிரே வருகிறவர்கள் ஒருக்களித்து வழிவிடுவார்கள் இல்லையா, அப்படி ஏதோ அவள் தோளில் உரசிக்கொண்டு உள்ளே போனது. சில்லென்று இருந்தது.

அவள் நடந்தாள். மல்லாட்டைக் கொல்லை வரப்பில், பிறகு மண்பாதையில். பின்னால் ஒரு தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அது வீட்டுக்குள் இருக்கிற தாழ்ப்பாள். அந்தப் பக்கம் இருந்தவர்கள் அதைத் திறந்திருக்க மாட்டார்கள்.

தார் ரோடு ஏறும்போது போன் அதிர்ந்தது. செல்வகுமார். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

யாரும் பேசவில்லை. தூரத்தில், தோட்டத்தில் நின்று கூப்பிடுவதுபோல ஒரு குரல் மட்டும். பா... பா... பா...

இந்த முறை அது கலைப்பிரியாவின் குரல் இல்லை. வெள்ளையம்மாளுடையது. அதற்குப் பின்னால், தொண்டைக்குள் கொக்... கொக்... என்று பதில் கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு ஆண் குரல்.

சங்கவி போனை அணைத்துப் பையில் போட்டாள். முதல் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நிற்காமல் திண்டிவனம் பக்கமாக நடந்துகொண்டே இருந்தாள்.