பச்சை வெல்வெட் பெட்டிகள்

வெல்வெட்டில் எண்ணெய்க் கறை பட்டால் வெந்நீர் ஊற்றித் தேய்க்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் சார். அரிசி மாவைத் தூவி ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட வேண்டும். எண்ணெயை மாவு குடித்துவிடும். காலையில் மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்தால் போதும். இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல. ஒவ்வொரு திங்கட்கிழமையும் செய்து செய்து கற்றது.

என் பெயர் வேதாந்தம். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் வீடு. அறுபத்தொன்றாம் வருஷம் ஊரில் நாலு பெரிய மனிதர்கள் சேர்ந்து பழைய ரயில் உல்லாசப் பயணச் சங்கம் என்று ஆரம்பித்தார்களே, அதில் பெட்டிகளுக்கு நான்தான் பொறுப்பு. வெள்ளைக்காரன் காலத்து இன்ஜின் ஒன்று, தேக்கு மரப் பெட்டிகள் மூன்று. உடைத்துப் பழைய இரும்பாக விற்க இருந்தவற்றை வாங்கினார்கள். ஒரு வருஷம் அவற்றோடேயே கிடந்தேன். இன்ஜினின் பித்தளைக் குமிழில் முகம் பார்த்துத் திருமண் இட்டுக்கொள்ளலாம், அப்படித் துலக்கியிருந்தேன். ஜன்னல் கண்ணாடிகளில் பூ வேலை. இருக்கைகளுக்குப் பச்சை வெல்வெட். கக்கூஸில்கூட நீலப் பூப் போட்ட பீங்கான்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜனங்களை ஏற்றினார்கள். திருச்சியிலிருந்து லால்குடி போய்த் திரும்பும் பயணம்.

ஜனங்கள் என்றால் என்னவென்று பெட்டி கழுவுகிறவனுக்குத்தான் தெரியும். வெற்றிலைச் சாற்றை ஜன்னலுக்கு வெளியே துப்புவார்கள். காற்றில் அது திரும்பி வந்து தேக்கில் வழியும். மூக்கைச் சிந்தி இருக்கைக்கு அடியில் தடவுவார்கள். குழந்தையை வெல்வெட்டிலேயே வெளிக்கு இருக்கவைத்துவிட்டு, “பச்சப் புள்ளதானே சார்” என்று சிரிப்பார்கள். நான் ஜாதி பார்த்து அருவருப்பதாக எழுதிவிடாதீர்கள். எங்கள் வீதிக்காரர்களும் வந்தார்கள். புளியோதரை தின்ற கையைத் திரைச்சீலையில் துடைத்தார்கள். வாய் எல்லோருக்கும் ஒன்றுதான். வயிறும் அப்படித்தான். எனக்கு வீட்டில் சோறு இறங்காமல் போயிற்று. இலையில் சாதத்தைப் பார்த்தாலே அது பிறகு என்னவாகும் என்றுதான் தோன்றும். என் மனைவி வத்ஸலா, “டாக்டரப் பாருங்கோ” என்றாள். டாக்டர் என்ன செய்வார்?

சங்கத்தில் முறையிட்டேன். சிரித்தார்கள். கக்கூஸ்களை மட்டும் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன்.

பயணம் நின்றுவிட்டால் போதும் என்று யோசித்தேன். அந்த ரயில் தண்ணீர் வயிற்றைக் கலக்கும் என்று ஊரில் பேச்சுப் பரவினால் யார் வருவார்கள்? திரும்பும்போது குடித்தால் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் உபத்திரவம் ஆரம்பிக்கும். அவரவர் வீடு, அவரவர் கொல்லை. பெட்டிக்குச் சேதமில்லை. இதில் துவேஷம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

பித்தளை துலக்கும் பொடி என்னிடம் இருந்தது. லால்குடியில் எல்லோரும் காப்பி குடிக்க இறங்கியபோது தண்ணீர்த் தொட்டிகளில் கலந்தேன். மனிதர்களுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பித்தளைக்கு எவ்வளவு என்றுதான் தெரியும்.

ரெங்கம்மாள் அங்கேதான் ஏறினாள். கல்யாணமான புதுசு. புருஷன் அழகிரி, விவசாயி. பெருமாளைப் பார்க்க அவளை ஸ்ரீரங்கம் அழைத்துப் போகிறான். அவள் கதவருகே நின்று என்னைக் கேட்டாள்.

“ஏங்க, இந்த மெத்தையில உக்காரலாங்களா? காலெல்லாம் புழுதியா இருக்கு.”

“தொடச்சுண்டு உக்காரும்மா” என்றேன்.

கேட்டு உட்கார வந்தவள் அவள் ஒருத்திதான். காலைத் துடைத்த பிறகும் தரையில்தான் உட்கார்ந்தாள்.

கொள்ளிடம் பாலத்துக்கு முன்னால் சிக்னல் கிடைக்கவில்லை. நல்ல வெயில். எல்லோரும் குடித்தார்கள். இன்ஜின் ஓட்டும் இன்னாசிராஜ் இறங்கி வந்தார்.

“சார், தண்ணி புளிக்குதுன்னு சொல்றாங்களே?”

“தொட்டிக்குப் புதுசா கலாய் பூசியிருக்கு. ரெண்டு நாளைக்கு அப்படித்தான் இருக்கும்.”

ரெங்கம்மாள் டம்ளரை எடுத்தபோது தடுக்கலாமா என்று தோன்றியது. தடுத்தால் மற்றவர்கள் ஏன் என்று கேட்பார்கள்.

வீடு போகும்வரை அவர்கள் பொறுக்கவில்லை. பாலத்தின் மேலேயே ஆரம்பித்துவிட்டார்கள். நான் விவரிக்க வேண்டியதில்லை. பெட்டிகளை நீங்களே பார்த்தீர்கள். ஒருவர் மேல் ஒருவர், மேலும் கீழுமாக, அத்தனை வெல்வெட்டிலும். கக்கூஸ் கதவை இடித்தார்கள். அழகிரி என் காலைப் பிடித்தான்.

“ஐயா, தொறந்து விடுங்கய்யா. இவ துடிக்கிறாய்யா.”

சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அந்த ஒரு இடமாவது சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ரெங்கம்மாள் மட்டும் முந்தானையை மடியில் விரித்து வாந்தியை அதில் ஏந்திக்கொண்டாள். ரத்தமும் வந்தது. தரையில் ஒரு சொட்டு விழவில்லை. அந்த நிலையிலும் என்னை நிமிர்ந்து பார்த்து, “மன்னிச்சுக்குங்க” என்றாள்.

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு டாக்டர் ஓடி வந்தார். “தண்ணியில என்ன கலந்திருக்குன்னு யாருக்காவது தெரியுமா? தெரிஞ்சா உடனே மாத்து மருந்து குடுத்துடலாம்” என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். என்னையும் கேட்டார். நான் மண்டியிட்டு இருக்கையை ஒற்றிக்கொண்டிருந்தேன். அந்த மாதிரிக் கறை காய்ந்துவிட்டால் போகாது.

“தெரியாது” என்றேன்.

பொழுது சாய்வதற்குள் அவள் போய்விட்டாள். அவளோடு சேர்த்து நான்கு பேர் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீரில் கலந்தது நான். கதவைத் திறக்காதது நான். டாக்டரிடம் தெரியாது என்று சொன்னதும் நான்தான். மற்ற மூவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ரெங்கம்மாளை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது. எல்லோரும் அவளைப் போல இருந்திருந்தால் யாரும் செத்திருக்க மாட்டார்கள். இதை அழகிரியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவனுக்கு ஆறுதலாக இருக்கும்.