முன்னடி அக்காவும் நாளைய வழியும்

அக்காவின் படத்தில் பாதம் இல்லை. இந்த இரங்கல் கூட்டத்துக்காக மண்டபத்துக்குள் நுழைந்ததும் அதுதான் கண்ணில் பட்டது. இடுப்போடு வெட்டி மாட்டியிருக்கிறார்கள்.

தலைமை தாங்கும் படகுச் சங்கத் தலைவி அம்மாவுக்கும், மேடையில் இருக்கும் விடுதி மேலாளர் ஐயாவுக்கும், எதிரே அமர்ந்திருக்கும் என் உறவுகளுக்கும், சுற்றுலா வந்த இடத்தில் துக்கத்துக்கும் வந்திருக்கும் விருந்தினர்களுக்கும் வணக்கம். கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. சேற்று நடையில் யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொண்டு வரும், வரிசையின் கடைசி ஆள் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான்.

காய்ச்சலில் படுத்து எழாமலே போன நம் முன்னடி அக்கா யார்? கடல் வடிந்ததும் விருந்தினர்களைச் சேற்றைக் கடந்து தீவுக்கு அழைத்துப் போய், கடல் ஏறுமுன் கரை சேர்த்தவர். முதல் அடி எப்போதும் அவருடையது. செருப்பில்லாத அடி. அலை விட்டுப்போன வரி பாதத்தில் உறுத்தினால் தரை கெட்டி. வழுவழுவென்று இருந்தால் அங்கே யாருக்கும் வேலையில்லை.

ஒருமுறை அக்கா சேற்றைப் பார்த்துவிட்டு வந்து, "இன்னைக்கு நடை கிடையாது" என்றார். "டிக்கெட் வித்தாச்சேம்மா" என்றார் மேலாளர் ஐயா. "வித்தது சரி. சேத்துக்கிட்ட யாராச்சும் சொன்னீங்களா?" என்றார் அக்கா. இதோ, ஐயா இப்போதும் சிரிக்கிறார். அன்று சிரித்துவிட்டு நடையை நிறுத்தினார். அந்தத் தைரியத்தில்தான் இதை அவரிடம் நேராகச் சொல்கிறேன்.

ஐயா, சற்றுமுன் நீங்கள் பேசும்போது, அக்காவோடு அந்த அறிவும் போய்விட்டது என்றீர்கள். மிஞ்சியது அவர் வழி சொல்லிவைத்த குரல் பதிவுதான், அதுவே நம் பாரம்பரியச் சொத்து, நாளை முதல் விருந்தினர்கள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு தாங்களே நடக்கலாம் என்றீர்கள். அன்பில்தான் சொன்னீர்கள். ஆனால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

போய்விட்டதா? எங்கே போனது? அது அக்காவிடம் மட்டுமா இருந்தது? மாலையானால் படகுத்துறையில் அவர் யாரிடம் போய் நின்றார்? நண்டு பிடிக்கும் மாமாவிடம் கேட்டார். சிப்பி பொறுக்கும் அத்தையிடம் கேட்டார். "என்னடி, தினமும் வந்து அதையே கேக்குற, மறதியா?" என்பார் அத்தை. "எனக்கென்ன மறதி? சேத்துக்குத்தான் நேத்து இருந்த எடம் இன்னைக்கு ஞாபகமில்ல" என்பார் அக்கா. நாலு பேர் சொன்னதைக் காதில் வாங்கிக் காலால் சோதித்த பிறகுதான் அது வழி. குரல் பதிவு செய்த அன்று அவரே என்னிடம், "இது இந்த வாரத்துக்குச் சரி. அடுத்த வாரம் என் குரலே பொய் சொல்லும் பாரு" என்றார்.

சந்தேகமா? இங்கேயே பார்ப்போம். பதிவில் அக்கா, பாறை தாண்டி இடப்பக்க ஓடையில் இறங்கச் சொல்கிறார். நண்டு மாமா, அந்த ஓடை இன்று எப்படி இருக்கிறது? எழுந்து சொல்லுங்கள்.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. மாமா சொன்னபடியே சொல்கிறேன்: "கரை சரிஞ்சு கெடக்கு. கால வெச்சா இடுப்பு வரைக்கும் இழுத்துக்கும்." அத்தையும் தலையாட்டுகிறார்.

செத்துப்போன அறிவா இப்படி எழுந்து நின்று பதில் சொல்லும்?

பதிவை வைத்துக்கொள்ளுங்கள். அறையில் உட்கார்ந்து கேளுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். நானும் அழுவேன். ஆனால் அதை நம்பி ஒருவரையும் சேற்றில் இறக்க விடமாட்டேன். என்னை வாயில்லாப் பூச்சி என்பீர்கள். இருக்கட்டும். வழியை மறிக்க வாய் எதற்கு?

நாளை நடை உண்டா? சேறு இடம் கொடுத்தால் உண்டு. எந்த வழியாக என்று இப்போது எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. கடல் வடியத் தொடங்கியிருக்கும். மாமா, அத்தை, எழுந்திருங்கள், பார்த்துவிட்டு வருவோம். தலைவி அம்மா, நன்றியுரைக்கு நான் இருக்க மாட்டேன். கிளம்புகிறேன்.