தோல் அறாதவரை என் பேச்சும் அறாது

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகரத்தந்தை கிளைவ் பாட்டரல் அவர்களே! அவர் அருகில் அமர்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் என் கையிலுள்ள கத்தியையே பார்த்துக்கொண்டிருக்கும் விழாக்குழுச் செயலாளர் நெட்டில்டன் அம்மையார் அவர்களே! பேராலயத்தின் பெருமதிப்புக்குரிய குருவானவரே! ஈரப் புல்வெளியில் மழைக்கோட்டை மடித்துப் போட்டு அமர்ந்திருக்கும் மூத்தோரே! தள்ளுவண்டியில் பூசணிக்காயையும் இடுப்பில் பிள்ளையையும் சுமந்துவந்த தாய்மார்களே! இலைக்குவியலுக்குள் புதைந்து தலையை மட்டும் காட்டும் செல்வங்களே! மேடையின் ஓரத்தில், என் கண்ணில் படவேண்டும் என்றே நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கும் என் கணவரின் தங்கை மேவிஸ் அவர்களே! உங்கள் அனைவருக்கும் ஹில்டா டன்ஸ்ஃபோர்டின் இலையுதிர்கால வணக்கம்.

ரிப்பன் வெட்டி விழாவைத் திறந்து வையுங்கள் என்று அழைத்தார்கள். திறப்பேன். அதற்கு முன், இதோ, இந்த ஆப்பிளை உரிப்பேன்.

ஏன் உரிக்கிறேன்? கேளுங்கள். இன்றைய விழாவில் என்னென்ன உண்டு? வைக்கோல் பொம்மைக்கு உடை உடுத்தும் போட்டி உண்டு. பூசணிக்காய் குடைவது உண்டு. காட்டுக் கொட்டையைக் கயிற்றில் கோத்து, ஒன்றோடொன்று மோதி உடைக்கும் போர் உண்டு. போன ஆண்டு அதில் குருவானவருக்கு ஒரு பல் போயிற்று. ஆனாலும் அது உண்டு. நம் ஆர்ல்பரி நகரின் பழம்பெரும் ஆப்பிள் உரிக்கும் போட்டி? அது இல்லை! கத்தி ஆபத்தாம். பிள்ளைகள் காகித ஆப்பிளுக்கு வண்ணம் தீட்டுவார்களாம். காகித ஆப்பிளைத் தின்ன முடியுமா? உரிக்க முடியுமா? குதிரைக்காவது கொடுக்க முடியுமா?

நேற்று நகரத்தந்தையைச் சந்தையில் பிடித்தேன்.

"ஏம்ப்பா கிளைவ், சின்ன வயசுல தோலு அறுந்துபோச்சுன்னு நீ பேராலயப் படியில உருண்டு அழுத கதைய நாளைக்கு மேடையில சொல்லட்டுமா?"

"வேணாம் ஹில்டாம்மா."

"அப்போ போட்டிய நடத்து."

"குழு முடிவு பண்ணிட்டாங்களே. சரி, ஒண்ணு பண்ணுங்க. மேடையில பேசிக்கிட்டே உரிங்க. தோலு அறுபடாம வந்துச்சுன்னா மத்தியானம் போட்டி உண்டு. அறுந்துச்சுன்னா வண்ணப் பென்சில்தான்."

அதுதான் பேச்சு. பெருமக்களே, இந்தத் தோலில் தொங்குவது தோல் மட்டுமல்ல. நம் போட்டியே தொங்குகிறது.

யாரது பின்னால்? "தோலு நீளமா, பேச்சு நீளமா?" என்று கேட்பது? டெரெக்தானே! உன் அப்பாவும் இப்படித்தான் பேச்சில் கெட்டிக்காரர். அவர் உரித்த தோல் ஒருநாளும் சாண் நீளம் வந்ததில்லை.

இந்தப் போட்டி தனியாள் போட்டியா? இல்லை! ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆப்பிள். ஒருவர் உரிப்பார், இன்னொருவர் இரண்டு உள்ளங்கைகளையும் கீழே ஏந்தி நிற்பார். ஏந்தாவிட்டால் என்ன ஆகும்? தோல் தன் பாரத்தாலேயே அறுந்துவிடும். உரிப்பவள் பாதி, ஏந்துபவள் பாதி.

எனக்கு ஏந்த ஒருத்தி இருந்தாள். நான் கல்யாணமாகி வந்த முதல் இலையுதிர்காலம். கையில் பிராம்லி வகைப் பெரிய பச்சை ஆப்பிள். தோல் என் காலணியைத் தொடப்போகிறது. ஊரே வாய் பிளந்து நிற்கிறது. அப்போது ஒரு குளவி வந்தது. கொட்டியதா? கொட்டவில்லை. உட்கார்ந்ததா? உட்காரவும் இல்லை. பக்கத்தில் பறந்தது! "ஐயோ அண்ணி!" என்று கையை எடுத்துவிட்டாள் மேவிஸ். தோல் அறுந்தது. கோப்பை ஆஷ்கிராஃப்ட் வீட்டுக்குப் போனது. அதில் அவர்கள் நாய்க்குத் தண்ணீர் வைத்தார்கள். மறந்தேனா? மறக்கவில்லை. மன்னித்தேனா? மன்னிக்கவில்லை. கிறிஸ்துமஸ் அட்டையில் இன்றுவரை அவள் பெயரை எழுதாமல் "மற்றும் குடும்பத்தார்" என்றுதான் எழுதுகிறேன். அவள் தனியாகத்தான் வாழ்கிறாள்.

அது இருக்கட்டும். தோல் முழங்காலைத் தாண்டிவிட்டது. ஆடுகிறது. எனக்கு ஏந்த ஒரு கை வேண்டும். நகரத்தந்தை எழாதீர்கள், உங்கள் கழுத்தில் தொங்கும் பதவிச் சங்கிலி தோலில் மாட்டும். செயலாளர் அம்மையார் எழவே இல்லை, நன்றி.

மேவிஸ் எழுந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை, எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பேச்ச நிறுத்திட்டு உரிங்க அண்ணி."

"நிறுத்த மாட்டேன். ரெண்டு கையையும் சேத்துப் பிடிடீ."

"பிடிச்சிட்டேன்."

"இன்னும் மேல."

"தோள்பட்டை வலிக்குது."

"எனக்கு மட்டும் என்ன, இனிக்குதா?"

தாய்மார்களே, தந்தைமார்களே! கத்தி ஆபத்து என்கிறார்கள். கத்தி ஆபத்தா, கைகள் சேராத குடும்பம் ஆபத்தா? ஆளுக்கொரு காகிதம், ஆளுக்கொரு பென்சில், ஆளுக்கொரு மூலை என்று பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைப்பதா விழா? ஒருவர் உரிக்க ஒருவர் ஏந்த, ஒருவர் மூச்சுக்கு ஒருவர் மூச்சை அடக்க, அதுவல்லவா விழா! அதுவல்லவா...

அசையாதீர்கள். வந்துவிட்டது.

அக்டோபர் குளவி. ஆப்பிள் சாறு குடித்து அரை மயக்கத்தில் இருக்கிறது. மேவிஸின் கட்டைவிரலில் இறங்குகிறது. நடக்கிறது.

"அண்ணி."

"சொல்லு."

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ஒரு சுத்து."

"கொட்டிருச்சு."

"தெரியுது. முக்கால் சுத்து."

"நீங்க மெதுவா உரிங்க. அவசரப்படாதீங்க."

பெருமக்களே, பார்த்தீர்களா? கொட்டியது. கை நகரவில்லை. இதோ காம்பு. இதோ தோல். அடி முதல் தலைவரை ஒரே தோல்!

நகரத்தந்தையே, மத்தியானம் போட்டி நடக்கிறது. நெட்டில்டன் அம்மையாரே, வண்ணப் பென்சில்கள் வீணாகாது. வென்றவர் பெயரை எழுத உதவும். யாராவது சமையல் கூடாரத்திலிருந்து கொஞ்சம் வினிகர் கொண்டுவாருங்கள். இதை மன்னிப்பு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்; குளவி கொட்டியதற்கு வினிகர், அவ்வளவே. கிறிஸ்துமஸ் அட்டையில் இந்த ஆண்டு அவள் பெயரை எழுதுவதைப் பற்றி யோசிக்கிறேன்.

இதே கத்தியால் ரிப்பனை வெட்டி விழாவைத் திறந்து வைக்கிறேன். பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், பிள்ளைகளை அடக்கிய தாய்மார்களுக்கும், அடங்காத பிள்ளைகளுக்கும், இத்தனை காலம் கழித்துத் திரும்பிவந்த குளவிக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

மேவிஸ், இப்போ கைய எடுக்கலாம்டீ.