வாஷரின் ஓரம்

உங்கள் ஸ்டேஷன் காபி மோசமில்லை, ஜானவி. சிக்கரிதான் சற்றுத் தூக்கல். கரமனையில் எங்கள் எதிர்வீட்டில் பாவாடை கட்டித் திரிந்த பெண் இன்று எஸ்.ஐ.யாக உட்கார்ந்து கேட்கும்போது மறைப்பது மரியாதை இல்லை.

என் கணவர் கல்யாணராமன் பத்மநாபசுவாமிக்கு ஒரு கும்பிடு போடுவார். மீதி பக்தி முழுவதும் அவர் அப்பா விட்டுப்போன பழைய காருக்கு. எஞ்சினைக் கழற்றி ரேழியில் வைத்தால் மாதக்கணக்கில் நாங்கள் அதைச் சுற்றித்தான் நடக்கவேண்டும். திவசத்துக்கு வந்த சாஸ்திரிகள்கூட கிரீஸை மிதித்திருக்கிறார்.

அந்த எஞ்சினில் ஃப்ளைவீல் என்று கனத்த சக்கரம் ஒன்று உண்டு. அதன் வழியாகத்தான் எஞ்சினின் வேகம் வண்டிக்குப் போகும். நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு அதைப் பிடித்திருக்கும். அவர் ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று முறுக்குவார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலில் சாய்வார். நட்டு தளராமல் இருக்க, அடியிலுள்ள வாஷரின் ஓரத்தை உளியால் தட்டி நட்டின்மேல் மடிப்பது என் வேலை. சோமாசி ஓரம் மடிப்பது போலத்தான்.

"ஆச்சாடி?" என்பார்.

"ஆச்சு" என்பேன். எழுந்து வந்து பார்த்ததே இல்லை.

சென்ற மாதம் பழைய கார் வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஸ்ரீநிவாஸ் என்பவர், "மாமியும் கூட ஹெல்ப் பண்ணுவாளோ?" என்று கேட்டார்.

"இவளா? குக்கர் கேஸ்கெட் மாத்தறதுக்கே என்னை விளிக்கறவளாக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் வாயில் அப்போது என் சோமாசி இருந்தது.

அடுத்த முறை "ஆச்சாடி?" என்றபோது, மடிக்காமலே "ஆச்சு" என்றேன். நான் செய்தது அவ்வளவுதான். ஆனால் அவர் முறுக்கிய நட்டு மடிப்பு இல்லாமலும் நெடுநாள் நிற்கும். ஆகவே அவர் குளிக்கப் போனபோது, அதே குழாயில் மறுபக்கமாக ஏறி நின்று சற்றே தளர்த்தினேன். அவர் வந்து கிளட்சைப் பொருத்தி அதை மூடிவிட்டார்.

எஞ்சினை வண்டியில் ஏற்றி, அதிலேயே சாலைக் கடைத்தெருவுக்குப் போய் உளுந்து வாங்கி வந்தார். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பிறகு சத்தம் ஆரம்பித்தது.

"என்னடி இது, டொக்கு டொக்குன்னு?"

"கிளட்ச் பேரிங்கா இருக்கும். மெதுவா பார்த்துக்கலாம்."

எஞ்சின் விஷயத்தில் என் யோசனையை அவர் கேட்டது அதுவே முதல் தடவை. மனசு நிறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய கார்க்காரர்கள் எல்லோரும் போனக்காட்டு மலைக்குக் கிளம்பினார்கள். ஏற்றத்தில் எஞ்சின் ஓடியது, வண்டி ஓடவில்லை என்றார் பின்னால் போன ஸ்ரீநிவாஸ். அது பின்னோக்கி உருண்டு பள்ளத்தில் இறங்கியது. அந்த பிரேக்கும் அவரைப் போலத்தான், அதற்கே தோன்றினால்தான் கேட்கும்.

காரியமெல்லாம் முடிந்துவிட்டது. ரேழி காலி. இன்னும் சுற்றித்தான் நடக்கிறேன்.

வழியில் வண்டி நின்று, நாலு பேர் முன்னால் அவர் அசடு வழியவேண்டும் என்று மட்டுமே நினைத்தேன். உயிர் போகும் என்று தெரியாது. காரில் ஏறி உட்கார்ந்துவிட்ட எங்கள் பெண் மாளவிகாவை, "எண்ணெய் தேச்சுக்கணும், இறங்குடி" என்று ஏன் கையைப் பிடித்து இறக்கினேன் என்கிறாய். நம் தெருவில் பெண்களுக்கு எண்ணெய்க் குளியல் வெள்ளிக்கிழமைதானே, அன்று ஞாயிறு ஆயிற்றே என்கிறாய்.

அவள் தலை வறண்டிருந்தது, ஜானவி. பெற்றவள் கண்ணுக்கு அதுகூடவா தெரியாது?