பாயிண்டில் எடுத்த டிக்கெட்

"மொத பிளைட்டு எறங்கறதுக்கு முன்னாடியே ரெண்டாவது பிளைட்டு கெளம்பிடுமாம். நான் நடுவானத்துலயா மாறி ஏறுவேன்?"

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையிலிருந்த பெண்மணி பக்கத்திலிருந்த தன் தம்பியிடம் இப்படிக் கேட்டார். அவருடைய மகளுக்கு லண்டனில் பிரசவம். தம்பி தன் கிரெடிட் கார்டில் செலவு செய்யச் செய்யச் சேர்ந்த பாயிண்டுகளைக் கொடுத்து அக்காவுக்கு டிக்கெட் எடுத்திருந்தார். டிக்கெட் கொடுத்தது ஒரு விமானக் கம்பெனி; விமானம் அதன் கூட்டாளி கம்பெனியுடையது. கூட்டாளி இப்போது நேரத்தை மாற்றிவிட்டது.

"பாயிண்ட்ட திருப்பித் தரேங்கறான். வாங்கிக்கலாம்க்கா."

"பாயிண்டா போயி புள்ளையக் குளிப்பாட்டும்? போனப் போடு."

சிப்காட் தொழிற்பேட்டை தாண்டும்போது போன் ஸ்பீக்கரில், டிக்கெட் கொடுத்த கம்பெனியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "விமானம் எங்களோடது இல்ல மேடம். அவங்களத்தான் கேக்கணும்."

"கேட்டுட்டேன். டிக்கெட் குடுத்தவங்களக் கேளுன்னுட்டாங்க. குடுத்தது நீங்க. மாத்தினது அவுங்க. முந்தின நாளு பிளைட்டுல எடம் இருக்குது, அதுல போடுங்க."

"அதுல பாயிண்டுக்குத் தர்ற சீட் இல்ல மேடம்."

"உங்களுக்கு மேல இருக்கறவங்களக் கேளுங்க. நான் போன வைக்க மாட்டேன்."

நெடுநேரம் போனில் இசை மட்டும் ஓடியது.

"வச்சிடுக்கா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

சிதம்பரம் நெருங்கும்போது குரல் திரும்பி வந்தது. முந்தின நாள் விமானத்திலேயே இடம் போட்டாகிவிட்டது என்றது.

அக்கா உடனே மகளை அழைத்தார். "ஒரு நாள் முன்னாடியே வரேன்டி. திரும்பவும் மாத்துவாங்களா? மாத்தட்டும். நான் வந்து சேந்துடுவேன்."