மூன்றாம் நாள் போன்

— கன்னத்துல அஞ்சு விரலும் அப்படியே பதிஞ்சிருக்கு, பாண்டிமீனா. அந்தப் புள்ள இன்னும் தண்ணிக் குழாய்கிட்ட உக்காந்து அழுதுக்கிட்டிருக்கா.

— அழட்டும் மிஸ்.

— திவ்யா உன் சிநேகிதி. ஆறாப்புல இருந்து ஒரே பெஞ்சு.

— அதான் ஒரு அறையோட விட்டேன்.

— இங்க பாரு. ஹாஸ்டல்ல ஒரே ஒரு எடம் இருக்கு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் அறிக்கை அனுப்பணும். அதுல நடத்தைக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. கூடப் படிக்கிறவளை அடிச்சான்னு எழுதினா உன்னை எடுக்க மாட்டாங்க. அவகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுரு. ஹெச்செம்மும் விட்டுர்றேன்னு சொல்லிட்டாங்க. சரியா?

— எதுக்கெடுத்தாலும் ஒரு 'சரியா' போட்டுருவீங்க. இது சரியில்ல மிஸ். அவதான் அந்தாளுகிட்ட எங்க வீட்டைக் காட்டிக் குடுத்தது.

— அவ சொன்னதை நீ பாத்தியா?

— பாக்கணுமாக்கும்? எங்கப்பன் அடி தாங்காம நானும் எங்கம்மாவும் சமயநல்லூர்ல இருந்து துணிப்பையோட வந்து நாப்பது நாளாச்சு. விளாங்குடியில இருக்கோம்னு எங்க தாய்மாமனுக்கே தெரியாது. ரெண்டே பேருகிட்டதான் சொன்னேன். ஒண்ணு அவ. இன்னொண்ணு நீங்க.

— ம்.

— நீங்க சொல்லியிருக்க மாட்டீங்கள்ல?

— அம்மாவுக்குக் கை எப்படி இருக்கு?

— மாவுக்கட்டுதான். அப்பளக் கம்பெனியில ஒத்தக் கையால என்னத்தத் தேய்க்கிறது? வர வேணாம்னுட்டாக. வீட்டுக்காரம்மா வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணச் சொல்லிருச்சு. எங்கப்பன் வந்து அடிச்சதைத் தெருவே நின்னு வேடிக்கை பாத்துச்சுல்ல, அது கௌரவக் குறைச்சலாம். எங்கம்மா சித்தி வீட்டுக்குப் போகுது. அங்க எனக்கு எடமில்ல.

— ஹாஸ்டல் கிடைக்கலைன்னா?

— மில்லுதான். வேலைக்குப் புள்ளைக பிடிக்கிற ஏசண்டு ரெண்டு தரம் வந்து கேட்டுட்டுப் போயிட்டாரு.

— அதுக்குத்தான் சொல்றேன். வீம்பு பண்ணாம மன்னிப்புக் கேளு.

— அவ செஞ்சதை ஒத்துக்கிடட்டும், கேக்குறேன்.

— செய்யாததை எப்படிம்மா ஒத்துக்குவா?

— செய்யலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க இங்க கவுன்சிலிங்குக்கு வாரதே செவ்வாயும் வெள்ளியும். மத்த நாளெல்லாம் வேற வேற ஸ்கூலு.

— அந்தக் கதவைச் சாத்து.

— சாத்த முடியாது மிஸ். பின்னால அடுக்கியிருக்கிற கேரம்போர்டு இடிக்கும்.

— சரி, பக்கத்துல வந்து உக்காரு. போன வாரம் உனக்குக் காய்ச்சல். தொடர்ந்து மூணு நாள் ஒரு புள்ள வரலைன்னா நான் வீட்டுக்குப் போன் போடணும். போட்டேன்.

— எங்கம்மாகிட்ட ஏது போனு?

— பதிவேட்டுல இருந்த நம்பருக்குப் போட்டேன்.

— அந்த நம்பரை எடுக்கச் சொன்னேன்ல மிஸ்?

— சொன்ன. வெள்ளிக்கிழமை மாத்துறேன்னேன். மறந்துட்டேன். யாரு நம்பருங்கிறதும் ஞாபகமில்ல. ஒரு ஆம்பள எடுத்தாரு. பாண்டிமீனாவுக்குத் தாய்மாமன் பேசுறேன்னாரு. எங்க அக்கா புள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க போனாளோ, தொண்டையில சோறு எறங்கலைன்னு சொன்னாரு.

— அழுதுச்சா?

— அழுதாரு.

— அது எங்கப்பன் மிஸ். நல்லா அழும். அடிச்ச மறுநாளு காலையில எங்கம்மா காலைப் பிடிச்சு அழும். பாக்குறவுக எங்கம்மாவத்தான் வைவாக.

— பத்திரமா இருக்காங்க, கவலைப்படாதீங்கன்னேன். விளாங்குடியில தண்ணி டேங்க் பக்கம்னும் சொல்லிட்டேன். போனை வைக்கும்போது நல்ல காரியம் பண்ணின மாதிரி இருந்துச்சு எனக்கு.

— அது எப்ப?

— போன வெள்ளிக்கிழமை. அவரு வந்தது ஞாயித்துக்கிழமை. செவ்வாக்கிழமை நீ இங்க வந்து நடந்ததைச் சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. சொல்லலை. வேலை போயிருமேன்னு பயந்துட்டேன்.

— இப்ப மட்டும் பயமில்லையாக்கும்?

— இருக்கு. இப்பக்கூட உன்னை மன்னிப்புக் கேக்க வச்சு எல்லாத்தையும் மூடிறலாம்னுதான் பாத்தேன். திவ்யா மேல ஒரு தப்பும் இல்ல. நீ யாரையாவது அறையணும்னா என்னைத்தான் அறைஞ்சிருக்கணும். நான் ஹெச்செம்கிட்டப் போயிச் சொல்லிட்டு வாரேன்.

— உக்காருங்க மிஸ். இப்பப் போனா இன்னைக்கே உங்களை அனுப்பிருவாக.

— அனுப்பட்டும்.

— உங்களுக்கென்ன, கே.கே. நகர்ல வீடு இருக்கு. போயிப் படுத்துக்கிருவீங்க. உக்காருங்க. எனக்கு ஞாயித்துக்கிழமையே தெரியும்.

— என்ன தெரியும்?

— "ஒங்க ஸ்கூல் மிஸ்ஸே தங்கமா வழி சொல்லுச்சு"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் அந்தாளு எங்கம்மா கைய முறுக்குச்சு.

— தெரிஞ்சுமா திவ்யாவை அடிச்ச?

— யாரையாச்சும் அடிக்காம கை நிக்கலை மிஸ். உங்களை அடிச்சா அறிக்கைய யாரு எழுதுறது?